திருகோணமலையில் வாசிக்கப்படாத பெயர்

பாஸ்டர் ரூபன் ஒரு செத்த பிள்ளையைச் சபையை விட்டு நீக்கியிருக்கிறார். அந்தப் பிள்ளை என் தங்கை ஸ்டெல்லாவின் மகள். பெயர் ரூத். பேச்சு வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. பேச்சு வராத பிள்ளைக்காக யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். தாய்மாமன் நான் இருக்கிறேன். கேட்பதற்காகத்தான் திருகோணமலைக்குப் போனேன்.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கினேன். கப்பல் போகிற ஊர் ஒன்றையும் பார்த்ததில்லை. இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வெளிநாடு என்று சொன்னால் அங்கே சிரிக்கிறார்கள். “இந்தா கிடக்குது இந்தியா” என்கிறார்கள். கிடக்கட்டும். பாஸ்போர்ட் கேட்டார்கள் அல்லவா, அப்படியென்றால் வெளிநாடுதான்.

வியாழக்கிழமை கொழும்பில் ஏறிய பேருந்து, திருகோணமலைக்கு முன்னால் கந்தளாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து வந்த புகையைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. நடத்துநர் எங்களை இறக்கி, பின்னால் வந்த இன்னொரு பேருந்தில் ஏற்றினார். என் பெட்டி பழைய பேருந்தின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டது, கதவு திறக்கவில்லை. “ஐயா போங்க, பேக் வரும்” என்று அவர் தமிழில் சொன்னார். வராது என்று எனக்குத் தெரியும். பெட்டியைக் கொடுத்தால்தான் ஏறுவேன் என்று நின்றேன். ஜன்னலோரம் இருந்த இரண்டு சிங்களப் பெண்கள் என்னைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த தமிழரைக் கேட்டேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். “இந்த ஐயா பெட்டியைப் பார்க்கிற மாதிரி என்ர புருஷன் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லையாம்.” ஏறிவிட்டேன்.

பெட்டி மறுநாள் வந்தது. பேருந்து நிலையத்தில் அதே நடத்துநர் பத்திரமாக வைத்திருந்தார். உள்ளே தூத்துக்குடி மக்ரூன் பொட்டலங்களில் ஒன்று மட்டும் பிரிக்கப்பட்டிருந்தது. என் சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மாடு நிற்கிற இடத்தில் இங்கே மான் நிற்கிறது. கடைத்தெருவில், குப்பைத்தொட்டி ஓரத்தில், புள்ளிமான். ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. துறைமுகம் மலைகளுக்கு நடுவில் பச்சையாகக் கிடக்கிறது. எங்கள் துறைமுகம் போல மண் அள்ளி ஆழப்படுத்த வேண்டியதில்லை, ஆண்டவனே தோண்டி வைத்திருக்கிறான். ஆனால் கப்பலைத்தான் காணோம். இவ்வளவு பெரிய தண்ணீரில் கடற்படைப் படகு இரண்டும் மீன்பிடித் தோணிகளும் மட்டும். நல்ல துறைமுகம் சும்மா கிடந்தால் எனக்குச் சந்தேகம் வரும். யாரோ எதற்காகவோ வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெல்லாவின் வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், நம்மூர்ச் சந்து மாதிரி. போனதும் பாணும் தேங்காய்ச் சம்பலும் மீன் சொதியும் வைத்தாள். பாண் என்றால் பிரெட், எங்கள் ஊரில் அது காய்ச்சல்காரன் சாப்பாடு. இங்கே நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் காலையில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். சொதியில் தோய்த்துச் சாப்பிட்டால் ஏன் என்று புரிகிறது. மூன்று முறை வாங்கினேன். அவள் பேச்சு மாறிவிட்டது. ஆமா என்று சொல்லத் தெரியாதவள் போல எதற்கும் “ஓம்” என்றாள்.

அவள் கணவர் யோகன் சம்பூர்க்காரர். யுத்தத்தில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, படகேறி, எங்கள் ஊர்ப் பக்கத்து அகதி முகாமுக்கு வந்தவர். முகாமில் எங்கள் சபைப் பெண்கள் தையல் வகுப்பு நடத்தினார்கள். ஸ்டெல்லா அங்கே தையல் சொல்லிக் கொடுக்கப் போனாள். அங்கேதான் பழக்கம். யோகன் சைவக் குடும்பம். தானாகவே கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். கல்யாணம் ஆனது, ரூத் பிறந்தாள். யோகனுக்குக் கொடுத்த போதகரே முகாமில் அவளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். நான்தான் ஞானத்தகப்பன். தண்ணீர் தலையில் பட்டதும் அவள் கத்திய கத்தலுக்கு முகாமே சிரித்தது. அந்த மழைக்காலத்திலேயே செத்தாள். சம்பூரில் மறுபடி குடியேறலாம் என்று ஆனபிறகு இருவரும் இங்கே வந்தார்கள். இப்போது யோகனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதனால் நகரத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இனி குற்றம் என்னவென்று சொல்கிறேன்.

அவர்கள் போகிற ஜெபவீடு ஒரு பழைய சபையிலிருந்து பிரிந்து வந்தது. குழந்தை ஞானஸ்நானம், திருவிருந்து, விசுவாசப் பிரமாணம் எல்லாம் பழையபடியே வைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல வழக்கமும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அப்பத்தைப் பிட்பதற்கு முன்பு, முந்தைய வருடங்களில் அதே மாதத்தில் மரித்த சபையாரின் பெயர்களைப் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வரும்போது அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவ்வளவுதான். பரிசுத்தவான்களுடைய ஐக்கியம் என்று பிரமாணத்தில் சொல்லுகிறோமே, இருக்கிறவர்களும் செத்தவர்களும் ஒரே சபை என்று, அதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று ஸ்டெல்லா போனில் சொல்லுவாள். ரூத்துக்கு அங்கே கல்லறை இல்லை. கல்லறை எங்கள் ஊரில் இருக்கிறது, ஸ்டெல்லா வந்துபோக வசதி இல்லை. வருடத்தில் ஒரு ஞாயிறு மகளின் பெயர் காதில் விழும், எழுந்து நிற்பாள். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெயர்ப் பட்டியலில் ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். இந்த வருடம் ரூத்தைச் சேர்க்க முடியாது என்று பாஸ்டர் ரூபன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஏனென்றால் முகாமில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பிற்பாடு விழுந்துபோனார். அது இந்த வருடம்தான் ரூபன் காதுக்கு வந்திருக்கிறது.

அது உண்மை. அந்த ஆளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஊழியத்தை விட்டார், பெண்டாட்டியை விட்டார், கடைசியில் கிறிஸ்துவையே எனக்குத் தெரியாது என்று மேடையில் ஏறிச் சொன்னார். இப்போது வட்டிக்கு விடுகிறார். தெருவில் பார்த்தால் நான் அந்தப் பக்கம் போய்விடுவேன். ஆனால் ரூத்தின் தலையில் தண்ணீர் ஊற்றிய நாளில் அவர் போதகர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூபனே வீட்டுக்கு வந்தார். என்னைவிட வயதில் குறைந்தவர், ஒல்லி, சத்தமில்லாத பேச்சு. எனக்கு உடனே பிடிக்காமல் போனது. சத்தமில்லாமல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. யோகனுக்கு ஆஸ்பத்திரிக்கு வாகனம் ஒழுங்கு செய்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பிரதர், நீங்கள் கோபத்தில இருக்கிறீங்கள் எண்டு சிஸ்டர் சொன்னவ.”

“கோபம்தான். எதற்கு வளைத்துப் பேசணும். என் மருமகள் கிறிஸ்தவளா இல்லையா?”

“பிள்ளை ஆண்டவருடைய இரக்கத்தில இருக்கு. நான் நரகம் எண்டு சொல்லவில்லை. ஆனா கறைபட்ட கையால வந்த தண்ணி ஞானஸ்நானம் ஆகாது. யோகன் அண்ணைக்கும் அந்த ஆள்தான் கொடுத்தவர், அவர் திரும்ப எடுக்கும் வரைக்கும் திருவிருந்து தர ஏலாது. கடல் கிட்டத்தான். உயிரோட இருக்கிற ஆக்களுக்கு வழி இருக்கு.”

“பிள்ளைக்கு?”

ஸ்டெல்லா குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். கிரேன் ஓட்டுகிறவன் குடிகாரனாக இருக்கலாம், வீட்டில் பெண்டாட்டியை அடிக்கிறவனாக இருக்கலாம். அவன் இறக்கிவைத்த சரக்கு கரையில் இருக்கிறதா இல்லையா? சரக்கு அவனுடையதா? அனுப்பியவன் வேறு, பெறுகிறவன் வேறு.

ரூபன் யோசித்துவிட்டுச் சொன்னார். “குடிகாரன் இறக்கின பெட்டியை நீங்கள் திறந்து பார்க்கமாட்டீங்களோ பிரதர்? உள்ளுக்கு உடைஞ்சிருக்கலாம்.”

நல்ல பதில். அதனால் இன்னும் கோபம் வந்தது.

அதுவரை கட்டிலில் சாய்ந்திருந்த யோகன் கண்ணைத் திறந்தார். “பாஸ்டர், நான் ஒண்டு சொல்லட்டோ. நான் இன்னொருக்கா கடலுக்குள்ள முங்கினா, முதல் தண்ணி வெறும் தண்ணி எண்டு நானே சாட்சி சொன்ன மாதிரி. என்ர பிள்ளைக்கு எதிரா நான் சாட்சி சொல்ல ஏலாது. எனக்குத் திருவிருந்து தராட்டிப் பரவாயில்ல.” பிறகு என்னைப் பார்த்தார். “மச்சான், நீங்களும் கத்தாதீங்க. எனக்குத் தலை இடிக்குது.”

இது புதுச் சண்டை இல்லை. எங்கள் ஊர் ஆலயம் இருக்கிற சேகரத்தில் முன்பு ஒரு குருவானவர் இருந்தார். திருச்சபை வரலாறு என்றால் அவருக்கு உயிர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மாலை வகுப்பு எடுப்பார். முற்காலத்தில் ரோம அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது வட ஆப்பிரிக்காவில் சில குருமார் பயந்துபோய் வேதப்புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். துன்பம் ஓய்ந்த பிறகு கேள்வி வந்தது. காட்டிக்கொடுத்தவன் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? அவன் கை வைத்து அபிஷேகம் பண்ணிய ஆள் ஆயர் ஆவானா? செல்லாது என்று ஒரு பெரிய கூட்டம் பிரிந்துபோனது. தொனாத்தியர் என்று பெயர். தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, விசுவாசத்துக்காக உயிரையும் கொடுத்தவர்கள், அதனால்தான் அந்தச் சண்டை அவ்வளவு காலம் இழுத்தது என்றார் குருவானவர். கடைசியில் திருச்சபை எடுத்த முடிவு இது: ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சாக்கிரமெந்து எதுவும் கொடுக்கிறவனுடைய யோக்கியதையில் நிற்கவில்லை. கொடுப்பவர் கிறிஸ்து. குரு வெறும் கை. ஞானஸ்நானம் ஒன்றுதான், அதைத் திரும்பக் கொடுக்கக்கூடாது.

அன்று கொட்டாவி விட்டுக்கொண்டுதான் கேட்டேன். அந்தச் சண்டை என் வீட்டுக்குள் வரும் என்று யார் கண்டது.

சனிக்கிழமை ஸ்டெல்லாவிடம் வேறு சபைக்குப் போயேன் என்று சொன்னேன். இந்த ஊரில் கோயிலுக்கும் குறைவில்லை, பள்ளிவாசலுக்கும் குறைவில்லை, கிறிஸ்தவ ஆலயங்களுக்கும் குறைவில்லை.

“நாங்கள் வெறுங்கையோட வந்து இறங்கேக்க அவைதான் பாயும் சட்டியும் தந்தவை அண்ணா. இவருக்கு ஏலாமப் போன நேரம் முழிச்சிருந்து பார்த்தவை. எந்தச் சபையில போய் நான் புதுசா அழுறது?”

“அப்போ அந்த ஆள் சொல்றதை ஒத்துக்கிறியா?”

“இல்லை.” மீனைச் செதில் சீவினாள். “ஆனா சில நேரம் நினைக்கிறனான், உண்மையா இருந்தா என்ன செய்யிறது எண்டு. அவளுக்கு நான் ஒண்டும் சரியாச் செய்யேல்லையோ எண்டு.”

ஒரு தாயை இப்படி நினைக்க வைத்ததுதான் என் கணக்கில் பெரிய குற்றம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போனேன், ரூத் செத்த மாதத்தின் முதல் ஞாயிறு அது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், துறைமுகக் காற்றில் ஆடும் திரைச்சீலை. பாட்டு நன்றாக இருந்தது. எங்கள் ஊர் மாதிரி முன்வரிசைக்குச் சண்டை போடவில்லை. யோகனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திருவிருந்து நேரம் வந்ததும் ரூபன் பெயர்களை வாசித்தார். ஒரு வயதான மனிதர் பெயர், ஒரு மீனவர் பெயர். வீட்டுக்காரர்கள் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த மீனவருக்கு அடுத்தது ரூத்தின் பெயர் வருமாம். எனக்கு அது அப்போது தெரியாது.

மீனவர் வீட்டார் உட்கார்ந்ததும் ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்.

வேண்டுமென்று எழுந்தாள் என்று நான் நினைக்கவில்லை. கால் தானாக எழுந்தது. ரூபன் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அடுத்ததாக வேறு யாரோ ஒரு பெண்மணியின் பெயரை வாசித்தார். அந்தப் பெண்மணியின் மகன் எழுந்தான், ஸ்டெல்லா நிற்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் நின்றான். பின்வரிசைப் பெண் ஒருத்தி ஸ்டெல்லாவின் சேலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். “இரு பிள்ளை, இரு.” ஸ்டெல்லா உட்காரவில்லை. பட்டியல் முடிந்து ஜெபமும் முடியும்வரை அப்படியே நின்றாள். அப்பமும் திராட்சரசமும் நின்றுகொண்டிருந்த அவளையும் யோகனையும் தாண்டிப் போயின. எனக்கு நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவள் அழவில்லை. மத்தியானம் புட்டு அவித்தாள். நான்தான் சாப்பிட முடியாமல் எழுந்தேன்.

அன்று முழுக்க யோசித்ததில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகப் பட்டது. எவனும் சும்மா இப்படிச் செய்யமாட்டான். யோகனுக்குச் சம்பூரில் காணி இருக்கிறது. வாரிசு இல்லை. மனுஷன் நோயாளி. பாஸ்டர் வாகனம் ஒழுங்கு செய்கிறார், பாய் கொடுக்கிறார். எல்லாம் காணிக்குத்தான். இதைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டிச் சொல்லுவது என்று திங்கட்கிழமை காலை சம்பூருக்குக் கிளம்பினேன்.

ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருந்தவர் பெயர் நஸீர், கிண்ணியாக்காரர். பேசிய வாடகைக்கு மேல் கேட்பார் என்று எதிர்பார்த்து, வழியெல்லாம் அவர் போகிற பாதையைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணன், நான் உங்களைக் கடத்திட்டுப் போறன் எண்டு பயப்படுறீங்களோ? உங்களை வச்சு நான் என்ன செய்யிற? சோறு போடவே கட்டாது.”

சம்பூரில் யோகனின் சித்தப்பா மகன் காணியில் கத்தரியும் வெண்டியும் போட்டிருந்தார். என்னை உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். பாஸ்டர் யாராவது காணியைப் பற்றிக் கேட்டார்களா, எழுதித் தரச் சொன்னார்களா என்று நேராகக் கேட்டேன். அவர் சைவர். இந்தச் சபை விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது.

“ஒருக்கா வந்தவர். கிணறு இறைக்கிறதுக்குப் பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு நாள் முழுக்க நிண்டு இறைச்சுத் தந்திட்டுப் போனவர். யோகன் அண்ணைக்குச் சுகம் வந்தா அவர்தான் இதில இருக்கவேணும் எண்டு சொன்னவர். ஏன், என்ன பிரச்சினை?”

ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். ரூபன் திருடன் இல்லை. திருடனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலத்தில் ஓட்டோ டயர் பஞ்சராகிவிட்டது. மாற்று டயரில் காற்று இல்லை. நஸீர் தன் மச்சானுக்குப் போன் பண்ணினார், அவர் பம்போடு வரும்வரை பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றோம். கீழே இறால் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடையில் எருமைத் தயிரும், மேலே ஊற்றப் பாணி என்கிற வெல்லப்பாகும் வாங்கித் தந்தார் நஸீர். எங்கள் ஊரில் இப்படித் தயிர் கிடையாது. கரண்டியைக் குத்தினால் நிற்கிறது. பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று அதையும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

சும்மா இருக்க முடியாமல் ரூபன் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

“ரூபன் பாஸ்டர் நல்ல மனுசன். எங்கட உம்மா வருத்தத்தில படுத்துக் கிடக்கக்குள்ள வந்து பார்த்தவர். அவர்ட பெரிய பாஸ்டர் மாதிரி இல்ல.”

“பெரிய பாஸ்டர் யார்?”

“கொழும்பில இருந்து வாறவரே. இந்தச் சபையைத் தொடங்கினவர். இவருக்கும் கடல்ல ஞானஸ்நானம் கொடுத்து, தலையில கைய வச்சுப் பாஸ்டர் ஆக்கினவர். நான்தான் அவருக்கு எப்பவும் ஓட்டோ. கடைசியா ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். இனி வரமாட்டன் நஸீர், இதில எனக்கு நம்பிக்கை போயிட்டுது எண்டார். இப்ப நீர்கொழும்புப் பக்கம் இன்னொரு பொம்பிளையோட ஹோட்டல் நடத்துறார். நான் ஒருக்கா வாடகைக்கு வேன் ஓடக்குள்ள கண்டனான். நல்ல கொத்து ரொட்டி.”

நான் தயிர்ச் சட்டியைக் கீழே வைத்தேன். “இது சபைக்குத் தெரியுமா?”

“தெரியா. நான் என்னத்துக்குச் சொல்லுற? உங்கட ஆக்கள்ட கதை உங்கட ஆக்களுக்கு.”

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் கேட்டேன், உங்கள் பெரிய பாஸ்டர் எங்கே என்று. “வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போயிட்டார் எண்டு கதைச்சவை. ஏன்?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஓட்டோக்காரர் சொன்னதை வைத்துத் தங்கையிடம் ஒரு வார்த்தை விட நான் தயாராக இல்லை. ஒரு தடவை தப்பாகச் சந்தேகப்பட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபவீட்டுக்குத் தனியாகப் போனேன். ரூபன் திருவிருந்தில் பயன்படுத்தும் சின்னக் கிளாஸ்களைத் துணியால் துடைத்து அலுமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, “ஆர் சொன்னது?” என்றார். பிறகு, “உண்மைதான்” என்றார்.

“அப்போ உங்க ஞானஸ்நானம் என்ன ஆச்சு?”

“நான் எடுக்கேக்க அவர் அப்படி இல்லை பிரதர். தேவமனுசனா இருந்தவர். விழுந்தது பிறகு.”

“முகாம் போதகரும் பிறகுதான் விழுந்தார். ரூத்துக்குக் கொடுத்த அன்றைக்கு அவரும் தேவமனுஷன்தான். நான் பக்கத்தில் நின்றேன்.”

அவர் இன்னொரு கிளாஸை எடுத்துத் துடைத்தார்.

“அது வேற” என்றார்.

“எப்படி வேற? சொல்லுங்க. நான் படிக்காதவன், விளங்குற மாதிரிச் சொல்லுங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் இதை யோசிக்காத நாள் இல்லை. முதல் தெரியவந்தபோது இனி ஆரும் அப்படி விழக்கூடாது, சபை சுத்தமா இருக்கவேணும் எண்டுதான் இன்னும் இறுக்கிப் பிடிச்சனான். என்னுடையது செல்லாது எண்டா நான் கொடுத்த ஒண்டும் செல்லாது. எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறன். இதிலயே செத்துப்போன ஆக்கள் இருக்கினம். அந்த வீட்டுக்காரர் எல்லாம் எங்க போவினம்?”

“என் தங்கச்சி எங்கே போவாள்னு யோசிச்சீங்களா?”

“பிரதர், நீங்கள் போற ஆள். இதைச் சபையில கதைக்க வேண்டாம். ஆண்டவர் வழிநடத்தேக்க நானே சொல்லுவன்.”

“எப்போ?”

அவர் எழுந்து மறுபடி கிளாஸ்களை அடுக்கத் தொடங்கினார். எந்த வாக்கும் கொடுக்காமல் வெளியே வந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். யோகன் சிரித்தார். நான் போன நாளிலிருந்து அவர் சிரித்ததைப் பார்க்கவில்லை. “பாவம், அந்த மனுசனும் எங்களைப் போலத்தான்” என்றார். அவருக்குப் பாவம் பார்க்க முடிகிறது. எனக்கு முடியவில்லை. ஸ்டெல்லா ஒன்று மட்டும் கேட்டாள். “அப்ப அவர் சொல்லுவாரோ அண்ணா, எல்லாருக்கும் முன்னால?” சொல்லமாட்டார் என்று எனக்குப் பட்டதை அவளிடம் சொல்லவில்லை. புதன்கிழமை காலை பேருந்து ஏறினேன். இம்முறை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாஸ்டர் ரூபன், இதை யாராவது உங்களுக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். உங்களைத் திருடன் என்று நினைத்தேன், அது தப்பு. நீங்கள் நோயாளிக்கு வாகனம் பிடிப்பீர்கள், கிணறு இறைப்பீர்கள். ஆனால் ஒரு சட்டத்தை வைத்து என் மருமகளை வெளியே தள்ளிவிட்டு, அதே சட்டம் உங்கள் மேல் விழுந்தபோது அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். சட்டம் சரியென்றால் உங்கள் ஞானஸ்நானம் செல்லாது, நீங்கள் பாஸ்டர் இல்லை, நீங்கள் வாசிக்கிற பெயர்களில் பாதியை வாசிக்கக்கூடாது. சட்டம் தப்பென்றால் ரூத் உங்கள் பட்டியலில் இருக்கவேண்டும். நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இல்லை. இருந்தால் எனக்குச் சொல்லித்தர அன்று உங்களுக்கு நேரம் இருந்தது.

என்னிடம் தனியாகச் சொல்லவேண்டாம், கடிதமும் எழுதவேண்டாம். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, சபை முழுவதும் உட்கார்ந்திருக்கும்போது, ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: உங்களுக்குக் கிடைத்தது ஞானஸ்நானம் என்றால், என் ரூத்துக்குக் கிடைத்தது என்ன?